சலங்கை முந்தியதா, பாதம் முந்தியதா?



மாசி வந்துவிட்டால் சிதம்பரத்து வீதிகளில் சலங்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி 1981-ல் தொடங்கியது. நடராசர் குடியிருக்கும் ஊரில், 108 கரணங்களும் கோபுர வாசல்களில் கல்லில் நிற்கும் ஊரில், வாழ்நாளில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ கலைஞர்கள் வருகிறார்கள். அவர்கள் பின்னாலேயே கேமராக்களும் வருகின்றன. கடலூர், நெய்வேலி, பண்ருட்டி ஸ்டூடியோக்காரர்கள் ஒரு பக்கம். பிள்ளையின் ஆட்டத்தைத் தாங்களே படம் பிடிக்க வந்த அப்பாக்கள் இன்னொரு பக்கம். மேடைக்கு எதிரே ட்ரைபாட் வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு.

இந்த முறை நம் இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடனம் கற்றுத்தரும் ஆசிரியை. அவருடைய மாணவி ஒருத்தியின் அரங்கேற்றம் நல்லபடியாக நடந்திருக்கிறது. வீடியோவும் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக வந்திருக்கிறது. ஆனால் யூடியூபில் பார்த்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள், குழந்தைக்கு வர்ணத்தில் தாளம் கொஞ்சம் விலகிவிட்டதோ என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, தனக்குத் தாளம் நிற்கவில்லை என்று நம்பத் தொடங்கிவிட்டாளாம். மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து நட்டுவாங்கம் செய்த ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும், அவள் ஓரிடத்திலும் தவறவில்லை என்று.

அந்த வீடியோவை வாங்கிப் பார்த்தோம். அலாரிப்பில் எல்லாம் கச்சிதம். வர்ணத்துக்கு வரும்போது பாதம் தரையைத் தொட்ட பிறகுதான் சத்தம் வருகிறது. தில்லானாவில் யாருக்கும் கண்கூடாகத் தெரிகிற அளவுக்கு விலகிவிட்டது. கேமரா தனியாக, ரெக்கார்டர் தனியாக இரண்டு மணி நேரம் ஓடியிருக்கின்றன. எடிட்டிங்கில் ஆரம்பத்தை மட்டும் ஒட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். எடிட்டிங் மேசைகளில் நாம் அன்றாடம் சொல்கிறோமே, ‘சிங்க் போயிருச்சு’ என்று, அதுதான் நடந்திருக்கிறது. தாளம் தவறியது அந்தப் பெண்ணுக்கல்ல, வீடியோவுக்கு.

இந்த இதழின் ஆசிரியர் பக்கம் முழுவதையும் இந்த விஷயத்துக்கே கொடுக்கிறேன். படத்தில் கொஞ்சம் ஃபோகஸ் போனால் நாம் பதறுகிறோம். நிறம் ஒரு சாயல் மாறினால் விடிய விடிய உட்கார்ந்து சரி செய்கிறோம். ஒலி இரண்டு ஃப்ரேம் விலகினால் மட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடுகிறோம். பேச்சாக இருந்தால் ஒருவேளை தெரியாமல் போகலாம். நாட்டியத்தில் கட்டாயம் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வழக்கமாக விநாடிக்கு 25 ஃப்ரேம் வைத்து எடுக்கிறோம். ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி விநாடி. ஓர் அட்சரத்துக்கு முக்கால் விநாடி என்ற நடையில் ஒரு பெண் அடவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் காலத்தில் அந்த முக்கால் விநாடிக்குள் நான்கு தட்டு விழும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 190 மில்லி விநாடிகூட இல்லை. இரண்டு ஃப்ரேம் தாமதம் என்றால் 80 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. தீர்மானத்தில் சொற்கட்டு இரட்டிப்பாக விழும் இடத்தில், ஒரு சொல் அடுத்த சொல்லுக்குரிய அடியின் மேல் கேட்கும். பத்து வருடம் பயின்ற கால், இரண்டு ஃப்ரேமில் பயிலாத கால் ஆகிவிடுகிறது.

தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒலி முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே பார்ப்பவர் கண்டுகொள்கிறார்; பிந்தினால் 125 மில்லி விநாடி வரை கண்டுகொள்வதில்லை என்கிறது அது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நம் அன்றாட அனுபவம்தான். கோயில் திருவிழாவில் வாணம் வெடிப்பதை முதலில் பார்க்கிறோம், பிறகுதான் கேட்கிறோம். சத்தம் முந்தி, காட்சி பிந்தி வருவது இயற்கையில் கிடையாது. அதனால் ஒலி பிந்துவதைக் காதும் கண்ணும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முந்தினால் உடனே உறுத்தும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சந்தேகம் வரும்போது இது நினைவில் இருக்கட்டும். ஆனால் அந்த 125 என்ற எண்ணை நாட்டியத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளத்தோடே வாழும் ஒரு நட்டுவனாரை உட்கார வைத்து வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், எவ்வளவு சீக்கிரம் அவர் முகம் மாறுகிறது என்று தெரியும்.

இந்தத் தொல்லை எப்போது நம் ஸ்டூடியோக்களுக்கு வந்தது? தோளில் வைத்து எடுத்த வி.ஹெச்.எஸ். காலத்திலும், பிறகு மினி டி.வி. காலத்திலும் படமும் ஒலியும் ஒரே நாடாவில் பதிந்தன. இழுத்த இழுப்புக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. 2008-ல் நிக்கான் டி90, அதற்கு அடுத்தாற்போல் கேனான் 5டி மார்க் 2 வந்தன. ஸ்டில் கேமராவிலேயே வீடியோ! பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்த அழகு அதுவரை சினிமாக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தது. தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோவின் முகமே மாறிப்போனது. 2012-ல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் கேனான் 7டி-யில் ஒளிப்பதிவு செய்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் பலருக்கு அந்தப் படம் கொடுத்த தைரியத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கேமராக்கள் ஒலிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 5டி மார்க் 2-ல் ஹெட்ஃபோன் செருகவே இடமில்லை. என்ன பதிகிறது என்று கேட்க வழியே கிடையாது. தொடக்கத்தில் அது விநாடிக்கு 30 ஃப்ரேம் மட்டுமே எடுத்தது. 2010 மார்ச்சில் புது ஃபர்ம்வேர் வந்த பிறகுதான் 25-ம் 24-ம் கிடைத்தன. ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. ஆகவே நல்ல ஒலி வேண்டுமென்றவர்கள் ஜூம், டாஸ்கேம் போன்ற ரெக்கார்டரைத் தனியே வாங்கினார்கள். அத்தோடு நாம் பழைய சினிமா முறைக்கே திரும்பிவிட்டோம்: படத்துக்கு ஒரு கருவி, ஒலிக்கு ஒரு கருவி.

சினிமாக்காரர்கள் இந்தச் சிக்கலோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள். 1931-ல் ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் நடிப்பவரே கேமரா முன்னால் பாடினார். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் பார்வைக்குப் படாமல் அருகில் இருந்து வாசித்தார்கள். 1938-ல் ஏ.வி.மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ பின்னணிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிறகு பேச்சும் டப்பிங் தியேட்டருக்குப் போனது. படப்பிடிப்பில் பிடிக்கும் ஒலி வெறும் வழிகாட்டி என்ற பழக்கம் நம் தொழிலில் ஊறிவிட்டது. 2004-ல் கமல்ஹாசன் ‘விருமாண்டி’யில் லைவ் சவுண்ட் முறையில் பதிவு செய்தபோது, அதுவே ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. டப்பிங் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த மனப்போக்கு கல்யாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் ஆகாது. தாலி கட்டும் நேரத்து மேளத்தை யாரால் டப்பிங் செய்ய முடியும்?

இனி வேலைக்கு வருவோம். வீடியோவில் சிங்க் இல்லை என்று தெரிந்ததும் முதலில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். விலகல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவாக இருக்கிறதா, போகப்போகக் கூடுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒரே அளவாக இருந்தால் ஒலியைப் பிடித்து நகர்த்தினால் தீர்ந்தது. போகப்போகக் கூடினால் நகர்த்திப் பயனில்லை. முன்னால் சரி செய்தால் பின்னால் கெடும், பின்னால் சரி செய்தால் முன்னால் கெடும்.

கூடுகிற விலகலில், எவ்வளவு கூடுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்தில் மூன்றரை விநாடிக்கு மேல் போனால் ஃப்ரேம் ரேட்டில் குழப்பம். 29.97 என்பதை 30 என்றோ, 23.976 என்பதை 24 என்றோ எங்கோ எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம், ஆனாலும் மணிக்கு 3.6 விநாடி ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரின் கேமராவை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளும்போது இது நடக்கும். அவருடையது 29.97-ல் இருக்கும், உங்களுடையது 25-ல் இருக்கும். படம்பிடிக்கத் தொடங்கும் முன்பே மெனுவைத் திறந்து பாருங்கள். செல்போனில் எடுத்ததென்றால் இன்னொரு கோளாறும் உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட கோப்பை முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் போட்டு ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் வைக்க வேண்டும்.

பாட்டின் சுருதியே மாறிக் கேட்கிறதென்றால் அது 44.1, 48 குழப்பம். ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால், பத்து நிமிடப் பதம் ஒன்பது நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். சுருதி அரைக் கட்டைக்கும் மேலே ஏறிவிடும். பாடியவர் கேட்டால் மனம் நொந்துபோவார். ரெக்கார்டரை எப்போதும் 48-லேயே வையுங்கள். வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

மஞ்சக்குப்பத்து வீடியோவில் நடந்தது இந்த இரண்டும் அல்ல. இரண்டு மணி நேர முடிவில் விலகல் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து ஃப்ரேம். இது கடிகாரங்களின் வேலை. கேமராவுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் சரிசெய்த இரண்டு கைக்கடிகாரங்கள் மாதக் கடைசியில் ஒரே நேரம் காட்டாது அல்லவா, அதே கதைதான் இங்கும். படிகங்களுக்குள் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால் மணிக்கு 72 மில்லி விநாடி விலகும். சூடு ஏற ஏற அந்த வேகமும் மாறும். சித்திரை வெயிலில் திறந்த மேடைக்கு எதிரே கேமரா காய்ந்துகொண்டிருக்க, ரெக்கார்டர் மேடை நிழலில் குளிர்ச்சியாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மருந்து சுலபம். அரங்கேற்றத்தில் ஓர் உருப்படிக்கும் அடுத்த உருப்படிக்கும் நடுவே கைதட்டல் வரும், அறிவிப்பு வரும். அந்த இடங்களில் ஒலியை வெட்டி, ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியே ஒட்டுங்கள். வர்ணம் ஒன்றுதான் நீளம். அதில் மட்டும் ஒலியின் நீளத்தை மயிரிழை இழுக்கவோ சுருக்கவோ வேண்டியிருக்கும். வர்ணத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிகிற கருவியை ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கம் விதித்தார்கள். அதைத் தவிர்க்க வைத்த வரம்பு நம் ஊர் மேடை வரை வந்து சேர்ந்தது. புது மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் அது இல்லை. உங்களுடையதில் இருந்தால் வர்ணம் தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். இரண்டாவது கேமராவை அதே நேரத்தில் நிறுத்தாதீர்கள்.

இப்போது, பலர் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். தூரம்.

நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அப்படியென்றால் ஒரு ஃப்ரேம் நேரத்தில் 14 மீட்டர், ஏறக்குறைய 46 அடி. கூட்டத்துக்குப் பின்னால் நூறடி தள்ளி ட்ரைபாட் போட்டு, பெரிய டெலி லென்ஸில் பாதத்தை மட்டும் குளோசப்பில் பிடிக்கிறீர்கள். கேமரா மைக்கில் சத்தம் இரண்டு ஃப்ரேம் கழித்துத்தான் விழும். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. நேரில் அங்கே நின்று பார்ப்பவருக்கும் அதே தாமதம்தான், ஆனால் தூரத்தில் நிற்கிறோம் என்று அவர் மனதுக்குத் தெரியும். லென்ஸ் அந்தத் தூரத்தை அழித்துவிட்டது. கைக்கெட்டும் இடத்தில் ஆடுவதுபோல் தெரிகிற பாதத்தின் சத்தம் ஏன் தாமதமாக வருகிறது என்று பார்ப்பவர் குழம்புகிறார்.

சரி, மேடையில்தான் ரெக்கார்டர் இருக்கிறதே, அதன் ஒலியைப் போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். அங்கேதான் பொறி. 2009-ல் ப்ளூரல்ஐஸ் வந்தது முதல், வேவ்ஃபார்மை ஒப்பிட்டுத் தானாக ஒட்டிக் கொடுக்கும் வசதிக்கு நாம் பழகிவிட்டோம். இன்று டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ப்ரோ எல்லாவற்றிலும் அது உண்டு. மென்பொருள் என்ன செய்கிறது? கேமரா மைக்கில் விழுந்த ஒலியைப் பார்க்கிறது. ரெக்கார்டர் ஒலியை அதோடு பொருத்துகிறது. கேமரா மைக்கில் விழுந்ததே இரண்டு ஃப்ரேம் தாமதம். ஆகவே மேடையில் நேரம் தவறாமல் பதிந்த நல்ல ஒலியையும் அது இரண்டு ஃப்ரேம் தள்ளித்தான் வைக்கும். திரையில் வேவ்ஃபார்ம் மலைகள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்திருக்கும். எடிட்டரும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவார். படத்தைப் பார்த்தால்தான் தெரியும் சரியில்லை என்று.

இரண்டு கேமரா இருந்தால் இன்னும் சிக்கல். மேடையோரக் கேமராவும் தூரத்துக் கேமராவும் ஒலியை வைத்து ஒட்டப்பட்டிருந்தால், அவற்றின் படங்கள் தங்களுக்குள் இரண்டு ஃப்ரேம் விலகியிருக்கும். தூரத்துக் காட்சியிலிருந்து குளோசப்புக்கு வெட்டும்போது, இப்போதுதான் தரையில் பதிந்த பாதம் மறுபடி ஒருமுறை பதியும். நல்ல ஆட்டத்தை எடிட்டிங் கெடுத்துவிட்டது என்று ஆசிரியைகள் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். ஆகவே மென்பொருள் ஒட்டிக் கொடுத்த பிறகு, கேமரா நின்ற தூரத்தை நினைவில் வைத்து, நூறடிக்கு இரண்டு ஃப்ரேம் என்ற கணக்கில் தூரத்துக் கேமராவின் படத்தைப் பின்னால் தள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஒலிபெருக்கி கட்டியிருந்து, கேமரா அதன் பக்கத்தில் நின்றிருந்தால் இந்தக் கணக்கு மாறும். கம்பி வழியாக வந்த ஒலிக்குத் தாமதம் கிடையாது. கடைசித் தீர்ப்பைக் கண்ணிடம்தான் விட வேண்டும்.

கண்ணுக்கு எது ஆதாரம்? சினிமாவில் கிளாப் போர்டு. இரண்டு கட்டைகளும் முட்டும் ஃப்ரேமும், வேவ்ஃபார்மில் ஊசிபோல் எழும் அந்தச் சத்தமும் ஒன்றாக உட்கார வேண்டும். அரங்கேற்ற மேடையில் கிளாப் போர்டு தட்ட முடியாது, தட்டவும் கூடாது. ஆனால் நட்டுவனார் கையில் தாளம் இருக்கிறதே! அதைவிட நல்ல கிளாப் உலகத்தில் எங்கே கிடைக்கும்? ஒரு தாளம் இன்னொரு தாளத்தின் விளிம்பில் விழுகிற கணம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். சத்தமும் கூர்மையானது. நிகழ்ச்சி தொடங்கும் முன் எல்லாக் கேமராக்களையும் ஒருமுறை நட்டுவனாரின் கைப்பக்கம் திருப்பி, நாலைந்து தட்டு பதிந்துகொள்ளுங்கள். முன்பே மரியாதையோடு கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மங்களம் முடிந்ததும் மறுபடி நாலு தட்டு. முதல் தட்டு விலகலைச் சொல்லும். கடைசித் தட்டு கடிகாரங்கள் எவ்வளவு பிரிந்தன என்று சொல்லும். பலரும் ஆரம்பத்தில் மட்டும் தட்டிவிட்டு முடிவில் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது தட்டுதான் முக்கியமாகப் படுகிறது.

நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் மூன்றுக்கும் மைக் வைத்திருப்பார்கள். மைக் செட்டுக்காரரிடம் கேட்டு மிக்சரிலிருந்து லைன் அவுட் எடுத்தால் இவை மூன்றும் அருமையாக வரும். ஆனால் ஆடுபவரின் காலுக்கு யாரும் மைக் வைப்பதில்லை. லைன் அவுட்டை மட்டும் நம்பினால் சலங்கையே இல்லாத நாட்டியம்தான் மிஞ்சும். ஒரு சின்ன ரெக்கார்டரை மேடையின் முன் விளிம்பில், தரையிலிருந்து அதிர்வு ஏறாதபடி மடித்த துண்டின் மேல் வையுங்கள். மரப்பலகையில் பாதம் விழும் கனமும், அதன் பின்னாலேயே மணிகள் குலுங்கி அடங்குவதும் அதில்தான் பதியும். இரண்டையும் கலந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சபையில் இருப்பதுபோல் இருக்கும்.

கல்யாண வீடியோக்காரர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கெட்டிமேளம் உங்களுடையது. கேமராவின் ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால் என்ன ஆகும்? ஐயர் மந்திரத்தை மெல்லச் சொல்லும்போது கேமரா மைக்கின் உணர்வை ஏற்றிக்கொண்டே போகும். மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகும். திடீரென்று கையை உயர்த்தி “கெட்டிமேளம்!” என்பார். தவிலும் நாகசுரமும் ஒன்றாகப் பாயும். அந்த முதல் அடி கரகரவென்று உடைந்துதான் பதியும். பயந்துபோன கேமரா அளவைச் சட்டென்று இறக்கிவிடும். மேளம் ஓய்ந்ததும் பெண்ணின் அம்மா ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைப்பார். அது காதிலேயே விழாது. அளவைக் கையால் வையுங்கள், அதையும் தவிலுக்கு வையுங்கள், பேச்சுக்கு அல்ல. தாழ்ந்த ஒலியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது.

திருவந்திபுரம் தேவநாதசாமி கோயிலில் முகூர்த்த நாளில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். ஒரே காலையில் அடுத்தடுத்து எத்தனையோ தாலி. இந்தப் பக்கம் ஒரு மேளம், பத்தடி தள்ளி இன்னொரு மேளம். கேமரா ஒன்றைக் கேட்கும், மாப்பிள்ளை சட்டையில் குத்திய காலர் மைக் இன்னொன்றைக் கேட்கும். மென்பொருள் எதை எதோடு ஒட்டும் என்று சொல்லவே முடியாது. அங்கே வேறு வழியில்லை: மணமேடைக்குப் போகும் முன்பே, கேமரா முன்னால் ஒருவர் பளிச்சென்று ஒரு கை தட்ட வேண்டும். கேமராவின் சொந்த மைக்கையும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். கடைசிப் படத்தில் அது வராது, ஆனால் ஒட்டுவதற்கு அது ஒன்றே வழிகாட்டி.

கடைசியாக, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை இப்போது இளைஞர்கள் பலர் சொந்தக் கேமராவில் பதிந்து வைக்கிறார்கள். அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கூத்து இடைவெளி இல்லாமல் ஓடும். வேடக்காரர் சுழன்று ஆடி நிற்கும் இடமும் மத்தளக்காரரின் கடைசி அடியும் ஒன்றாக விழுவதில்தான் கூத்தின் உயிரே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒட்டிய ஒலி விடியற்காலை நாலு மணிக்குக் கால் விநாடிக்கு மேல்கூட விலகியிருக்கலாம். மெமரி கார்டில் நாலு ஜி.பி.-க்கு ஒருமுறை கோப்பு உடையும் கேமராக்களில், கோப்புக்கும் கோப்புக்கும் நடுவே ஒன்றிரண்டு ஃப்ரேம் காணாமல் போவதும் உண்டு. மணிக்கு ஒருமுறையாவது தாளக்காரரின் கையைக் குளோசப்பில் பிடித்து வையுங்கள். டைம்கோடு கருவி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தாளக்காரர் கை போதும்.

வயதான வாத்தியார்கள் ஆடியதும் பாடியதும் பதிந்த மூலக் கோப்புகளைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். வீடியோ முடித்துக் கொடுத்ததும் வட்டில் இடமில்லை என்று ரெக்கார்டர் கோப்புகளைத்தான் முதலில் அழிக்கிறோம். படத்தோடு ஒட்டிய பிரதியில் சிங்க் தவறியிருந்தால், மூல ஒலி இருக்கும் வரை பத்து வருடம் கழித்தும் சரி செய்யலாம். மஞ்சக்குப்பத்து அரங்கேற்றத்தை இப்படித்தான் மீட்டோம். எடுத்தவரிடம் மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. அவரே மனமுவந்து உட்கார்ந்து உருப்படி உருப்படியாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார். புது வீடியோவை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். வர்ணத்தை மறுபடி பயிற்சியில் எடுத்திருப்பதாக ஆசிரியை எழுதியிருக்கிறார்.

இந்த சிவராத்திரிக்குச் சிதம்பரம் போகிறவர்கள் ஓர் உருப்படியையாவது மேற்சொன்னபடி இரண்டு முனையிலும் தாளம் பதிந்து எடுத்து வாருங்கள். கேமரா எத்தனை அடியில் நின்றது, ரெக்கார்டர் எங்கே இருந்தது, முடிவில் எத்தனை ஃப்ரேம் விலகியது என்று ஒரு தாளில் குறித்து நமக்கு எழுதுங்கள். ஆடியவரின் சம்மதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற குறிப்புகளை, எந்தக் கேமராவோடு எந்த ரெக்கார்டர் எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணையாக்கிப் பங்குனி இதழில் வெளியிடுகிறோம். கூத்து பதிபவர்கள் திருவிழா முடிந்த பிறகு அனுப்பினாலும் போதும். அவர்களுக்கென்று தனியாக இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்